ராபன் எந்தப் பக்கம் போவார் என்று எல்லோருக்கும் தெரியும்

வலது ஓரத்தில் ஆர்யென் ராபனிடம் பந்து வருகிறது. இடது காலால் அடக்கிக்கொண்டு டிஃபெண்டரை நோக்கி நேராக ஓடுகிறார். சட்டென்று உள்பக்கம் வெட்டி, பெனால்டி பாக்ஸின் விளிம்பை ஒட்டி நாலைந்து எட்டு வைத்து, இடது காலாலேயே தூரத்து மூலையைப் பார்த்து அடிக்கிறார். ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கால்பந்து அணியில் இருந்த பத்து ஆண்டுகளும் பெரும்பாலும் இதேதான். எதிரணிப் பயிற்சியாளருக்கு இது தெரியும், டிஃபெண்டருக்குத் தெரியும், டிவியில் பார்க்கும் சின்னப் பையனுக்கும் தெரியும். அப்படியும் அந்த அணிக்காக 309 ஆட்டங்களில் 144 கோல் அடித்தார்.

தெரிந்த ஒன்றை ஏன் தடுக்க முடியவில்லை? "அபாரத் திறமை" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தத் திறமையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கிற விஷயங்கள் அதைவிட அழகு.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். நெதர்லாந்தின் வடக்கே, க்ரோனிங்கன் மாகாணத்தில் உள்ள பெடும் என்ற சிற்றூரில் 1984-ல் பிறந்தவர். 2000-ல் க்ரோனிங்கன் அணியில் தொடங்கி, பிஎஸ்வி, செல்சீ, ரியல் மாட்ரிட் என்று போய், 2009-ல் பயர்னுக்கு வந்தார். ஆரம்ப காலத்தில் அவர் பெரும்பாலும் இடது விங்கர், அதாவது இடது ஓரமாக ஆடும் முன்கள வீரர். இடது காலால் ஆடுபவர் இடது ஓரத்தில் ஓடி, கோல் கோடு வரை போய்ப் பந்தை உள்ளே தூக்கிப் போடுவதுதான் அப்போதைய வழக்கம். பயர்னில் லூயி வான் ஹால் பயிற்சியாளராக இருந்தபோது வலது காலால் ஆடும் ஃப்ராங்க் ரிபெரி இடது பக்கமும், இடது காலால் ஆடும் ராபன் வலது பக்கமும் நிலைத்தார்கள்.

இந்த இடமாற்றத்தின் கணக்கு எளிமையானது. ராபன் வலது ஓரத்திலிருந்து மைதானத்தின் நடுவை நோக்கி ஓடும்போது கோல் அவருடைய வலது கைப் பக்கம் இருக்கும். அவரை மறிக்கும் டிஃபெண்டரும் அதே பக்கம்தான். பந்து இருப்பதோ இடது காலில். அதாவது பந்துக்கும் டிஃபெண்டருக்கும் நடுவே ராபனின் உடம்பு முழுக்க நிற்கிறது. பந்தைத் தொட வேண்டுமானால் அவரைத் தாண்டிக் காலை நீட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஃபவுல். வலது காலால் ஆடும் ஒருவர் அதே ஓட்டத்தை ஓடினால் பந்து டிஃபெண்டர் பக்கமாகவே இருக்கும்.

சரி, அவர் உள்ளே வருவதற்கு முன்பே வழியை அடைத்துவிடலாமே? இங்கேதான் நரம்புகள் வருகின்றன. கண்ணில் பட்டது மூளைக்குப் போய், மூளை முடிவெடுத்து, அந்தக் கட்டளை கால் தசைக்கு வந்து சேர, மிக எளிமையான சூழ்நிலையிலேயே சுமார் 0.2 விநாடி ஆகும். எதிரே இருக்கும் சாத்தியங்கள் கூடக் கூட இந்த நேரமும் கூடும். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடும் ஆள் 0.25 விநாடியில் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போயிருப்பார். ஷாட் அடிக்க அந்த இடைவெளி தாராளம்.

டிஃபெண்டருக்கு 'எங்கே' என்பது தெரியும். 'எப்போது' என்பது தெரியாது. ராபனின் மொத்த வித்தையும் அந்த 'எப்போது' என்பதை மறைத்து வைப்பதில் இருக்கிறது என்பதுதான் என் கணிப்பு. சீக்கிரமே உள்பக்கம் சாய்ந்து நிற்கிற டிஃபெண்டருக்குப் பின்னால் வெளிப்பக்கம் திறந்துகிடக்கும். ராபன் அதைப் பார்த்து வெளியே போக அவருக்கும் அதே 0.2 விநாடி வேண்டும்தான். ஆனால் சாய்ந்துவிட்டவர் திரும்ப வேண்டுமானால் தன் உடம்பின் வேகத்தை முதலில் நிறுத்தி, காலை மாற்றி ஊன்றி, அப்புறம்தான் எதிர்ப்பக்கம் தள்ள முடியும். நஷ்டம் எப்போதும் முதலில் அசைந்தவருக்கு.

அவர் பந்தைத் தொடும் விதத்தைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். பந்தின் திசையைக் கால் படும் கணத்தில் மட்டுமே மாற்ற முடியும். பந்தைத் தட்டிவிட்டு மூன்று எட்டு ஓடிப் பிடிப்பவர், அந்த மூன்று எட்டுக்கும் தன் பாதையை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார். காலை நீட்டிப் பந்தைப் பறிக்க டிஃபெண்டருக்கு ஏற்ற நேரமும் அதுதான். ராபனோ கிட்டத்தட்ட ஒவ்வோர் எட்டிலும், இடது பாதத்தின் வெளிவிளிம்பால் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே வருவார். ஒவ்வொரு தட்டலும் ஒரு திருப்பமாக இருக்கலாம். பந்து காலை விட்டு விலகுவதே இல்லை என்பதால் டிஃபெண்டருக்குப் பாதுகாப்பான தருணம் ஒன்றும் கிடைக்காது. பின்வாங்கிக்கொண்டே போவார், பெனால்டி பாக்ஸ் நெருங்கிக்கொண்டே வரும். வீல் கூர்வர் என்ற டச்சுப் பயிற்சியாளர் பந்துக் கட்டுப்பாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். ராபன் சிறுவயதில் அந்தப் பயிற்சிகளில் வளர்ந்தவர்.

உள்ளே வெட்டியதும் இன்னொன்று செய்வார். அடிப்பது போலக் காலை ஓங்குவார். தடுக்க ஒருவர் காலை நீட்டியதும் அடிக்காமல் மேலும் ஒரு தட்டு தட்டி நகர்வார். மூளை ஒரு அசைவுக்கு முடிவெடுத்துக்கொண்டிருக்கும்போது உடனே இன்னொரு தூண்டல் வந்தால், இரண்டாவதற்கான பதில் வழக்கத்தைவிடத் தாமதமாகும். டிக்கெட் கவுண்டரில் முன்னால் நிற்பவர் வேலை முடியும்வரை அடுத்தவர் காத்திருப்பதைப் போல. பொய் அசைவுக்கும் உண்மை அசைவுக்கும் இடையே 0.1 முதல் 0.2 விநாடி இருந்தால் இந்தத் தாமதம் நன்றாகவே வேலை செய்யும். ஏமாந்த டிஃபெண்டரை முட்டாள் என்று திட்டுவது நியாயமே இல்லை. மனித மூளை எல்லோருக்கும் அப்படித்தான்.

ஃபிலிப் லாமை இங்கே சொல்லாமல் விட முடியாது. ராபனுக்குப் பின்னால் ஆடிய வலது பின்காவலர். ராபன் பந்தோடு நிற்கும்போது லாம் வெளிப்பக்கமாக அவரைக் கடந்து ஓடுவார். பல முறை அவருக்குப் பந்தே வராது. ஆனாலும் டிஃபெண்டரின் மனதில் ஒரு சாத்தியம் கூடிவிட்டது, முடிவெடுக்கும் நேரமும் கூடிவிட்டது. புள்ளிவிவர அட்டவணையில் ஏறாத இந்த ஓட்டங்களுக்கு ராபனின் கோல்களில் பாதிப் பங்கு கொடுத்தாலும் தகும்.

இனி ஷாட். இடது பாதத்தின் உள்பக்கத்தால் பந்தின் ஓரத்தில் அடிக்கும்போது, மேலிருந்து பார்த்தால் அது கடிகாரச் சுற்றில் சுழலும். சுழலும் பரப்பு தன்னோடு காற்றையும் இழுப்பதால், பந்துக்குப் பின்னால் விலகும் காற்று இடப்பக்கம் தள்ளப்படுகிறது. அதற்கு எதிர்விசையாகப் பந்து வலப்பக்கம் வளைகிறது. இதற்கு மாக்னஸ் விளைவு என்று பெயர். 1850களில் இதை ஆராய்ந்த ஜெர்மன் இயற்பியலாளரின் பெயர் அது. நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில், விநாடிக்கு எட்டுப் பத்துச் சுற்றுச் சுழலும் பந்தின் மீது பக்கவாட்டில் சுமார் 3.5 நியூட்டன் விசை படும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பந்தின் எடை 410 முதல் 450 கிராம்தான். இந்தக் கணக்குப்படி 20 மீட்டர் தூரத்தை 0.8 விநாடியில் கடப்பதற்குள் பந்து இரண்டரை மீட்டர் வரை வளைய முடியும். கோலின் அகலமே 7.32 மீட்டர்!

ஆக, இடது கம்பத்துக்கு வெளியே போவது போலக் கிளம்பும் பந்து, டிஃபெண்டர்களைச் சுற்றிக்கொண்டு வந்து உள்ளே விழும். வேகம் மாறுவதையும் பாதை வளைவதையும் முன்கூட்டிக் கணிப்பதில் நம் கண் கெட்டியில்லை. சுழன்று வளையும் ஃப்ரீ கிக் எங்கே போய்ச் சேரும் என்று 2006-ல் வெளியான ஓர் ஆய்வில் தொழில்முறை வீரர்களையும் கோல்கீப்பர்களையும் கேட்டபோது அவர்களே தவறினார்கள்.

இத்தனைக்கும் ஒரு விலை உண்டு. முழு வேகத்தில் ஓடும்போது முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, தொடையின் பின்பக்கத்தில் உள்ள ஹாம்ஸ்ட்ரிங் தசைகள் நீண்டுகொண்டே காலுக்கு பிரேக் போடுகின்றன. நீளும்போதே இழுத்துப் பிடிப்பது தசைக்கு மிகக் கடினமான வேலை. இந்தத் தசைகளில் பெரும்பாலானவை இடுப்பு, முழங்கால் என்று இரண்டு மூட்டுகளைத் தாண்டிச் செல்வதால் இரண்டு பக்கமும் இழுபடும். ஓடு, நில், வெட்டு, மறுபடி ஓடு என்பதே ஆட்டமாக உள்ளவருக்கு அந்தச் சுமை ஆட்டத்துக்குப் பல முறை வரும். ராபனைக் கண்ணாடி மனிதர் என்றே அழைத்தார்கள்.

2010 உலகக் கோப்பைக்குச் சில நாள் முன்பு, ஹங்கேரிக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் பந்தைக் குதிகாலால் தட்டப்போய் அந்தத் தசையைக் காயப்படுத்திக்கொண்டார். முதல் இரண்டு ஆட்டங்களில் இல்லை. ஸ்லோவாக்கியாவுக்கு எதிராகத்தான் தொடக்கத்திலிருந்து ஆடினார். சக வீரர் ஸ்னைடர் நீளமாக அனுப்பிய பந்தை வலப்பக்கம் வாங்கி, உள்ளே வெட்டி, இடது காலால் தரையோடு அடித்து கோல். 18-வது நிமிடம். இறுதி ஆட்டம் வரை ஆடிவிட்டு மியூனிக் திரும்பியபோது தசையில் பெரிய கிழிசல் இருந்தது தெரிந்தது. பல மாதம் களத்துக்கே வரவில்லை. தசைக் காயத்தில் வலி குறைவதற்கும் காயம் ஆறுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடக் கசப்பாகக் காட்டும் கதை கால்பந்தில் குறைவு.

இன்று இந்தக் காயத்தைக் குறைக்க ஓர் எளிய பயிற்சி இருக்கிறது. மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்தபடி மெதுவாக முன்னால் சாய்வது. தசை நீண்டுகொண்டே தாங்கப் பழகுகிறது. நெதர்லாந்தின் அமெச்சூர் வீரர்களிடம் நடந்த சோதனை உட்படப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இதைச் செய்த அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறக்குறையப் பாதியானது.

வயதாக ஆக ஓட்ட வேகம் குறையும். எப்போது தட்டுவது என்ற கணக்கு அவ்வளவு சீக்கிரம் போகாது. 2019-ல் ஓய்வு பெற்ற ராபன், அடுத்த ஆண்டே க்ரோனிங்கனுக்குத் திரும்பினார். முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு வெளியேறி, மாதக்கணக்கில் வெளியே இருந்தார். 2021 மே மாதம் எம்மன் அணியை க்ரோனிங்கன் 4-0 என்று வென்றபோது அவருக்கு 37 வயது. அதில் இரண்டு கோல்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தது அவர்தான்.