சங்கும் சக்கரமும் கை மாறினால்

பெருமாளுக்குக் கை நான்கு. அவற்றில் இருப்பவையும் நான்கு: சங்கு, சக்கரம், கதை, தாமரை. புதிதாக எதையும் சேர்க்காமல், இருப்பதில் எதையும் எடுக்காமல், எது எந்தக் கையில் என்பதை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் எத்தனை திருமேனிகள் கிடைக்கும்?

1150ஆம் ஆண்டு கணித அறிஞர் பாஸ்கராச்சாரியார் லீலாவதி என்னும் கணித நூலில் ஒரு செய்யுளாகக் கேட்ட கேள்வி இது. இப்படி இடம் மாற்றி அடுக்குவதைத்தான் பள்ளிக் கணக்கில் 'வரிசைமாற்றம்' என்று படிக்கிறோம்.

எண்ணிப் பார்ப்போம். மேல் வலக்கைக்கு நான்கில் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். சக்கரத்தைக் கொடுத்துவிட்டால் மேல் இடக்கைக்கு மீதி மூன்றில் ஒன்று. கீழ் வலக்கைக்கு இரண்டில் ஒன்று. கடைசிக் கை மிஞ்சியதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். 4×3×2×1 = 24.

இந்த 24 ஏட்டில் மட்டும் இருக்கும் விடை அல்ல. சிற்ப மரபில் கேசவன், நாராயணன், மாதவன் என்று தொடங்கிக் கிருஷ்ணன் வரை விஷ்ணுவுக்கு 24 மூர்த்தங்கள் உண்டு. எந்தக் கையில் எது இருக்கிறது என்று பார்த்துத்தான் இவர் கேசவன், இவர் மாதவன் என்று பிரித்துச் சொல்வார்கள். வரிசை மாறினால் பெயரே மாறிவிடுகிறது. கையில் இருப்பவை எவை என்று மட்டும் கேட்டால் 24 பேருக்கும் ஒரே பதில்தான். அந்தக் கேள்வி, வரிசையைப் பாராமல் எவை எவை என்று மட்டும் எண்ணும் 'சேர்வு' என்னும் அடுத்த பாடத்துக்கு உரியது.

அதே செய்யுளில் சிவனும் வருகிறார். பாசம், அங்குசம், பாம்பு, உடுக்கை, கபாலம், சூலம், கட்வாங்கம் (மண்டையோடு பொருத்திய தடி), சக்தி (வேல்), அம்பு, வில் என்று பத்துக் கைகளில் பத்து. விடை 36,28,800. நொடிக்கு ஒரு வடிவம் என்று இரவு பகல் நிறுத்தாமல் பார்த்தாலும் சரியாக 42 நாள் ஆகும்.

இனி, வரிசைமாற்றத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பெர்முட்டேஷன்' என்ற சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'முட்டாரே' என்றால் மாற்றுதல். உயிரியலில் மரபணு மாற்றத்தைக் குறிக்கும் 'மியூட்டேஷன்' இதன் உறவு. முன்னால் உள்ள 'பெர்' முழுவதுமாக என்ற அழுத்தம் தருகிறது. ரோமானியச் சட்டத்தில் 'பெர்முட்டாட்டியோ' என்றால் பண்டமாற்று: காசில்லாமல் பொருளுக்குப் பொருள் கை மாறுவது. கணித அறிஞர் ஜேக்கப் பெர்னூலி இறந்து எட்டு ஆண்டு கழித்து, 1713இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்தச் சொல்லுக்குக் கணித இலக்கணம் இருக்கிறது: பொருள்களின் எண்ணிக்கை அப்படியே இருக்க, அவற்றின் வரிசையும் இடமும் மட்டும் மாறுவது. பாஸ்கரர் சமஸ்கிருதத்தில் சொன்னது 'அந்யோந்ய' என்று, அதாவது ஒன்றுக்கொன்று கை மாறுவது. தமிழிலும் பண்டமாற்று, வரிசைமாற்றம் இரண்டிலும் அதே 'மாற்று'தான். மூன்று மொழிகளும் ஒரே இடத்துக்கு வந்து நிற்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கணிதமும் இதற்கு ஒத்துவருகிறது. எவ்வளவு குழம்பிய வரிசையையும் இரண்டிரண்டாகக் கை மாற்றியே சரிசெய்துவிடலாம். சக்கரம் தவறான கையில் இருக்கிறதா? இருக்க வேண்டிய கையில் உள்ளதோடு அதை மாற்றுங்கள். ஒரு கை முடிந்தது. அடுத்துச் சங்கு. பிறகு கதை. மூன்று சரியானால் தாமரை தானாகவே தன் இடத்தில் இருக்கும். ஆக, 24 மூர்த்தங்களில் எதிலிருந்து எதற்குப் போகவும் மூன்று மாற்று போதும். சிவனுக்கு 36,28,800 வடிவங்கள் இருந்தும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒன்பதைத் தாண்ட வேண்டியதில்லை.