"காது நல்லாத்தாம்மா கேட்குது"

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. திரும்பி வந்தவர்கள் அப்புறம் எப்படி இருந்தார்கள் என்று அதில் இல்லை. செவித்திறன் பரிசோதகராக நான் தினமும் பார்ப்பது அந்தத் திரும்பி வந்தவர்களின் வாரிசுகளைத்தான். கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள் சுற்றிலும் இருக்கின்றனவே.

பீரங்கிப் படையில் இருந்த ஒரு ஹவில்தார். "காது நல்லாத்தாம்மா கேட்குது. இவதான் வாய்க்குள்ளயே பேசுறா" என்றார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னேன். தணிந்த சுருதிகளுக்கு டக்டக்கென்று அழுத்தினார். கீச்சென்று ஒலிக்கும் 4000 ஹெர்ட்ஸுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். விரல் அசையவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற அந்த அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். வீட்டில் அத்தனை வருஷமும் நடந்த சண்டைக்குக் காரணம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

துப்பாக்கிச் சத்தமே 140 டெசிபலைத் தாண்டும். அது சத்தத்தை உணரும் உள்காதின் நுண்மயிர்ச் செல்களைக் கொல்கிறது. அவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சுச் சுருதிகள். அதனால் ஆண்களின் பேச்சு ஓரளவு புரியும். மனைவி, பேத்தி பேசுவதுதான் பிடிபடாது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு வாங்கும் குறைபாடுகளில் காது இரைச்சல்தான் முதலிடம். நடுவயதில் செவித்திறன் குறைந்தால் பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

ராணுவத்தினரின் தேவைகளை அறிய நடக்கும் கணக்கெடுப்புகளைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பென்ஷன் வருகிறதா, கேன்டீன் கார்டு இருக்கிறதா என்பதெல்லாம் சரி. "உடம்பு எப்படி?" என்று மட்டும் கேட்டால் அவர்கள் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று: "ஒண்ணும் இல்ல." முறையிடாமல் இருக்கப் பழக்கப்பட்டவர்கள். நான் வேறு மாதிரி கேட்கிறேன். பேத்தி போனில் பேசினால் புரிகிறதா? கல்யாணம் காட்சிக்குப் போவதைக் குறைத்துவிட்டீர்களா? ராத்திரி விளக்கணைத்த பிறகு காதுக்குள் சில்வண்டு மாதிரி கத்துகிறதா? மூன்றாவது கேள்விக்குத்தான் பலர் நிமிர்ந்து பார்ப்பார்கள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி தர 2003இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டத்தில் காது கருவிக்கு வழி இருக்கிறது. வேலூரிலேயே அதன் பாலிகிளினிக் உண்டு. அங்கே முதலில் காட்டுங்கள். கடையில் விற்கும் மலிவான ஒலிபெருக்கியை மாட்டிக்கொள்ளாதீர்கள். அது எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டி, மிச்சமிருக்கும் செவித்திறனையும் கெடுக்கலாம். வரும்போது வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வாருங்கள்.

கருவி பொருத்திய சில மாதம் கழித்து அந்த ஹவில்தார் மறுபடி வந்தார். கூடவே லீவில் வந்திருந்த மகன், அவனும் பட்டாளத்தில்தான். "எனக்கு நல்லாத்தான் கேட்குது" என்றான் மகன். "உள்ள போய் உட்காருடா" என்றார் அப்பா.