சஸ்பென்ஷன் என்ன தப்பு செய்தது, இடைநீக்கம் செய்ய?

புது பைக் ஒன்று சந்தைக்கு வந்தால் போதும், 'முன்பக்க இடைநீக்கம் சிறப்பாக உள்ளது' என்று எங்காவது ஒரு வரி வந்துவிடுகிறது. சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே இருந்து குலுங்கலைக் குறைக்கும் சஸ்பென்ஷனைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். லஞ்சம் வாங்கி மாட்டிய அதிகாரியை இடைநீக்கம் செய்வார்கள். முன்சக்கரம் யாரிடம் கை நீட்டியது? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எழுதியது எந்திரமாகவே இருக்கட்டும், வெளியிடும் முன் ஒருவர் படித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

வேர்க்கதை சின்னது. லத்தீனில் 'சுஸ்பெண்டெரே' என்றால் தொங்கவிடுதல். ஐரோப்பாவில் குதிரை வண்டியின் கூண்டைத் தோல்வார்களில் கட்டித் தொங்கவிட்டார்கள், குலுங்கல் குறைந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. பதவியைத் தொங்கலில் விடுவதும் அதே சொல்தான்.

இதைப் பிடித்துக்கொண்டு 'தொங்கலமைப்பு' என்று ஆக்கியவர்கள் இன்னொரு கட்சி. இவர்களாவது வேர் வரைக்கும் போயிருக்கிறார்கள். ஆனால் பைக்கில் எது தொங்குகிறது? வண்டியும் ஓட்டுபவரும் சுருள்வில்லின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அது பழகிப்போன பெயர், தோல்வாரை யாரும் நினைப்பதில்லை. தமிழில் புதிதாகச் செய்கிறவர்கள் அந்த வாரை ஏன் சுமக்க வேண்டும்? அதுவும் நம்மிடம் வில்வண்டி என்ற சொல் இருக்கும்போது! இரும்புப் பட்டைகளை அடுக்கி வளைத்த வில், அதன் மேல் கூண்டு. கட்டை வண்டிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பயணம் போனவர் இடுப்பே சொல்லும். அந்தப் பெயரை எந்தக் கலைச்சொல் குழுவும் கூடி முடிவு செய்யவில்லை. வில்லைப் பார்த்தார்கள், வில் என்றார்கள். என் ஓட்டு 'வில்லமைப்பு'க்குத்தான்.

அப்புறம் இந்த 'அதிர்ச்சி உறிஞ்சி'. ஷாக் அப்சார்பரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. 'அதிர்வு' என்று திருத்தினாலும் இடிக்கிறது, ஏனென்றால் ஆங்கிலப் பெயரே கோணல். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அடியை வாங்குவது சுருள்வில். வாங்கியதை அது திருப்பியும் கொடுக்கும். தனியே விட்டால் வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் குழாய்க்குள் எண்ணெய். பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போகிறது, அசைவு வெப்பமாகக் கரைகிறது. அசைவின் வேகம் கூடினால் தடையும் கூடும். பி.எம்.டபிள்யூ 1935-இல் ஆர்12, ஆர்17 வண்டிகளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்குக்குள் கொண்டுவந்தது இந்த எண்ணெய் வித்தையைத்தான். வில் அதற்கு முன்பே உண்டு. பிரிட்டன்காரர்கள் இதை டேம்பர் என்பார்கள். வேலையைச் சொல்லும் பெயர் அது. நமக்கு 'தணிப்பி' போதும். 'அலைவுத் தடுப்பி' வேண்டும் என்பார் உண்டு. அசைவையே தடுத்துவிட்டால் வில் எப்படி அமுங்கும்?

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்கள் ஒரு பட்டறையில் போய் நிற்கட்டும். 'வண்டி ரொம்பக் குதிக்குது, ஷாக்அப்சரை டைட் பண்ணுங்க' என்பார் வாடிக்கையாளர். மெக்கானிக் பின்பக்கச் சுருள்வில்லைத் தாங்கும் வளையத்தை இரண்டு படி திருப்பிக் கொடுப்பார். அது சுருள்வில்லை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறது, இருக்கை சற்று உயரும், அவ்வளவுதான். வில்லின் விறைப்பு மாறாது, குதிப்பும் நிற்காது. தணிப்பி செத்திருந்தால் வளையத்தை எத்தனை திருப்பி என்ன பயன்? முன்பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரை அழுத்திவிட்டுப் பாருங்கள். எழுந்து அப்படியே அமைந்தால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் எண்ணெய் தீர்ந்தது அல்லது கெட்டது. போர்க் குழாயில் விரலை ஓட்டினால் பிசுபிசுப்பு வருகிறதா? எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் போய்விட்டது.

அந்த வளையத் திருகலுக்கு, அதாவது ப்ரீலோடுக்கு, 'முன்சுமை' என்று ஒரு பெயர்ப்பும் உலவுகிறது. படிப்பவர் பெட்ரோல் டேங்க் மேல் மூட்டை ஏற்றுவதாக நினைத்துக்கொள்வார். 'முன்னமுக்கம்' என்று நான் எழுதுகிறேன், அதிலும் முழுத் திருப்தி இல்லை. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.