கீசர் வால்வு சொட்டினால் அடைத்துவிடாதீர்கள்

எங்கள் வீட்டுக் கீசருக்கு அடியில் மக் வைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காலையில் சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் சொட்ட ஆரம்பிக்கும், குழாயைத் திறந்ததும் நின்றுவிடும். சொட்டியது, உள்ளே அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு. பார்க்க வந்த பிளம்பர், அதன் ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்துவிடலாம் என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 1.4 சதவீதம், அதாவது 15 லிட்டர் கீசரில் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாக இடம் கேட்கிறது. அது வந்த வழியே மேல்தொட்டிப் பக்கம் திரும்பிப் போயிருக்கும், ஆனால் சூடான தண்ணீர் பின்னோக்கி ஓடக் கூடாது என்று அந்த வால்வுக்குள்ளேயே ஒரு வழித் தடுப்பும் வைத்திருக்கிறார்கள். குழாயும் மூடியிருக்கிறது. தண்ணீரைக் காற்றைப் போல அமுக்க முடியாது என்பதால் அழுத்தம் கிடுகிடுவென ஏறி, பல வால்வுகளில் பொறித்திருக்கும் 8 பார் (bar, அழுத்தத்தின் அலகு) அளவைத் தொட்டதும் ஸ்பிரிங் விலகி நாலு சொட்டு வெளியே விடுகிறது. ஒரு மாடி உயரத் தொட்டி கொடுக்கும் அழுத்தம் வெறும் 0.3 பார்தான் என்பதை வைத்துப் பார்த்தால் 8 எவ்வளவு பெரிது என்று புரியும்.

ஆகவே சூடாகும்போது மட்டும் சொட்டினால் வால்வு நன்றாகவே இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் அந்த நேரத்தில் சுடுதண்ணீர்க் குழாயை லேசாகத் திறந்து பாருங்கள், சொட்டு நிற்க வேண்டும்.

கீசரை அணைத்த பிறகும் நாள் முழுக்க சொட்டுகிறதா? அது வேறு கதை. போர் தண்ணீர் என்றால் அநேகமாக உப்புதான் காரணம்: சூட்டில் பிரியும் கால்சியம் கார்பனேட் துகள் ஒன்று ரப்பருக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் வால்வு முழுசாக மூடாது. மெயினை அணைத்து, தண்ணீர் ஆறியதும் வால்வின் நெம்புகோலை நாலைந்து தடவை தூக்கி விட்டால் துகள் அடித்துக்கொண்டு போய்விடலாம். போகவில்லையா, புதிய வால்வு வாங்கிவிடுங்கள், ஆனால் பழையதில் உள்ள அதே பார் அளவில். அதிக பார் போட்டால் சொட்டாது என்று கடையில் சொன்னாலும் கேட்காதீர்கள், தொட்டி தாங்கும் அளவை வைத்துத்தான் அந்த எண் முடிவாகிறது.

சரி, அடைத்தால் என்ன ஆகும்? சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும், அது தவறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் சேர்ந்து பழுதாகும் நாளில் தண்ணீர் சூடேறிக்கொண்டே போகும். அழுத்தத்தில் அது 100 டிகிரியில் கொதிக்காது, குக்கரில் நடப்பதுதான் இது, ஆனால் பல மடங்கு. 8 பாரில் கொதிநிலை சுமார் 175 டிகிரி. அந்தச் சூட்டில் தொட்டி கிழிந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து, தண்ணீரில் ஏழில் ஒரு பங்கு கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் கிட்டத்தட்ட 1,700 லிட்டர். 15 லிட்டர் கீசருக்குக் கணக்குப் போட்டால் 3,000 லிட்டருக்கு மேல் வருகிறது, சின்னக் குளியலறையில் பாதியை நிரப்பும் ஆவி, உள்ளே ஆள் நிற்கும்போது.

வால்விலிருந்து ஆவியோ கொதிநீரோ வந்தால் தொடவே வேண்டாம், மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வீட்டில் வால்வை மாற்றவில்லை. அதன் வாயில் ஒரு சின்ன டியூபை மாட்டி, மறுமுனையை அடைபடாமல் தரையோரச் சாக்கடைத் துளை வரை விட்டிருக்கிறோம்.