மீன் முள் குத்திய விரல்

கோவளம் பாறைகளுக்கு நடுவிலும் முட்டுக்காடு முகத்துவாரத்திலும் தண்ணீர் வற்றும் நேரத்தில் பையன்கள் குனிந்து கையாலேயே குட்டி மீன் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். டப்பாவில் போட்டு வீட்டுத் தொட்டிக்குக் கொண்டு போவார்கள். தோல் மருத்துவரான எனக்கு அந்தக் கைகளைப் பார்த்தால்தான் பயம்.

போன வருஷம் ஒரு கல்லூரி மாணவர் வந்தார். வலது நடுவிரல் முட்டியில் புளியங்கொட்டை அளவுக்கு ஊதாச் சிவப்பில் ஒரு கட்டி, மேலே காய்ந்த பொருக்கு. மணிக்கட்டில் இன்னொன்று, முன்கையில் இரண்டு. மணி கோத்த மாதிரி ஒரே வரிசை. காய்ச்சல் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. இரண்டு மாதமாக ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிச் சாப்பிட்டிருக்கிறார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு வேறு. (தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், கட்டியை இன்னும் கெடுத்துவிடும்.)

வீட்டில் மீன் தொட்டி உண்டா என்று கேட்டேன். அம்மாதான் பதில் சொன்னார்: “இருக்கு டாக்டர். கடல்ல இவனே கீச்சான் பிடிச்சிட்டு வந்து விட்டிருக்கான். அன்னைக்கே விரல்ல குத்திடுச்சு.”

கீச்சானின் முதுகில் வளைந்து ஓடும் கறுப்புக் கோடுகள் அவ்வளவு அழகு. ஆனால் செவுள் மூடியில் கூரான முள் இருக்கிறது. அமுக்கிப் பிடித்தால் குத்தும். அந்தத் துளை வழியாகவோ, அப்புறம் தொட்டி கழுவும்போதோ உள்ளே போனது மைக்கோபாக்டீரியம் மரைனம். காசநோய்க் கிருமிக்குச் சொந்தம், 1926-இல் பிலடெல்பியா மீன் காட்சியகத்தில் செத்த மீன்களில் கண்டுபிடித்தார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. 30 டிகிரி வாக்கில்தான் நன்றாக வளரும் என்பதால், உடம்பிலேயே சூடு குறைந்த கை விரல்களில் தங்கிக்கொள்ளும்.

குத்தி 2 முதல் 4 வாரம் கழித்துத்தான் கட்டி தலைகாட்டும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் மீன் குத்தியதே மறந்திருக்கும். அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஆய்வகத்தில் வழக்கமான 37 டிகிரியில் வைத்தால் இந்தக் கிருமி வளராமலே போகலாம். 30 டிகிரியில் வைக்கச் சொல்லி நாங்கள் எழுத வேண்டும். மீன் விஷயம் தெரிந்தால்தானே எழுத முடியும்?

கெளுத்தி, ஓரா, திருக்கை குத்தினால் கதை வேறு. முள்ளிலேயே விஷம், உடனே உயிர் போகிற வலி. நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, பொறுக்கிற சூட்டு வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் முக்கி வையுங்கள். 45 டிகிரியைத் தாண்ட வேண்டாம். குத்துப்படாத கையை விட்டுச் சூடு பாருங்கள், வலிக்கிற கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. முள் ஆழமாக முறிந்திருந்தால் நோண்டாமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். டெட்டனஸ் ஊசியும் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்குச் சில மணி நேரத்தில் கை வீங்கிச் சிவந்து காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அந்த மாணவர் இரண்டு மாத்திரைகளை ஐந்து மாதம் விடாமல் சாப்பிட்டார். தழும்பு இருக்கிறது. இப்போது சின்ன வலையால்தான் மீன் பிடிக்கிறார், முழங்கை வரை கையுறை போட்டுத் தொட்டி கழுவுகிறார். கையில் கீறல் இருக்கும் நாளில் தொட்டிப் பக்கமே போவதில்லை.