திரும்பி ஏற முடியாத கண்: இத்தாலியின் ரோ.43 கடல் விமானம்

கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் சுமார் 20 கி.மீ. தொலைவில் முடிந்துவிடும். 1,000 மீட்டர் உயரத்தில் பறப்பவருக்கு அது 110 கி.மீ.க்கு அப்பால் விரியும். 1930களின் இத்தாலியக் கடற்படையிடம் 30 கி.மீ.க்கு மேல் சுடும் பீரங்கிகள் இருந்தன. விமானம் தாங்கிக் கப்பல் மட்டும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் ரோ.43.

தரையிலிருந்து பறக்கும் ரோ.37 என்ற உளவு விமானத்தின் வழிவந்தது இது. முதலில் பறந்தது 1934இல். இரட்டை இறக்கை, இருவர் இருக்கை, 700 குதிரைத்திறன் கொண்ட பியாஜ்ஜியோ எஞ்சின். வயிற்றுக்கடியில் ஒரு பெரிய மிதவை, இறக்கை முனைகளில் சாயாமல் தாங்க இரண்டு சிறு மிதவைகள். கப்பலில் இடம் குறைவு என்பதால் இறக்கைகளை மடித்து வைக்கலாம். சாரா வகைக் குரூசர்களில் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்கள்) இதற்கான கொட்டகை முன்தளத்துக்கு அடியிலேயே இருந்தது.

கப்பலிலிருந்து இதை எறிவது கவண், அதாவது விமானத்தை உந்தி ஏவும் கருவி. மணிக்கு 100 கி.மீ., அதாவது நொடிக்கு 28 மீட்டர் வேகம் வேண்டும், ஓடுபாதை 20 மீட்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பைப் போல் இரு மடங்கு முடுக்கம் தேவை. எல்லாம் ஒன்றரை நொடிக்குள் முடிந்துவிடும். கப்பல் எதிர்காற்றில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடினால், கவண் தர வேண்டியது 18 மீட்டர் மட்டுமே. முடுக்கம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. முன்தளக் கவண் கப்பலின் நீளவாக்கில் பொருத்தப்பட்டது. ஆகவே ஏவுவதற்குக் கப்பலையே காற்றை நோக்கித் திருப்ப வேண்டும்.

விமானி எஞ்சினை முழு வேகத்துக்குக் கொண்டுவந்து, தலையைப் பின்னால் அழுத்தி, கட்டுப்பாட்டுத் தண்டைப் பிடித்த முழங்கையை வயிற்றோடு ஒட்டி வைப்பார். தளர்வாகப் பிடித்தால் முடுக்கமே கையைப் பின்னுக்கு இழுக்கும். மூக்கு செங்குத்தாக எழும், இறக்கை தூக்குவிசையை இழக்கும். ஏவுபவர் அலையைக் கவனிப்பார். கப்பலின் முனை எழத் தொடங்கும்போது விடுவித்தால், விமானம் விலகும் கணத்தில் முனை வானத்தைப் பார்த்திருக்கும். தாழும்போது விட்டால் நேரே நீருக்குள்தான்.

எறிவதே இத்தனை சிக்கல். ஆனால் இறங்குவதுதான் உண்மையான சோதனை. மிதவையின் அடியில் பாதி நீளத்தில் ஒரு படி வெட்டப்பட்டிருக்கும். வேகத்தில் அந்தப் படிக்குப் பின்னால் காற்று புகுந்து, நீர் அடிப்பகுதியை உறிஞ்சிப் பிடிக்காமல் விலக்கிவிடும். படி அமைதியான நீரில் உதவும், அலையின் மோதலைத் தாங்காது. எடை குறைந்த ரோ.43இன் உடல் கொந்தளிக்கும் கடலுக்கு வலுவானதல்ல. மிதவைத் தாங்கிகள் வளையும், இறக்கை முனை மிதவை நீரில் சிக்கினால் விமானம் கவிழும். பிறகு கப்பல் நின்று கிரேனால் தூக்க வேண்டும். எதிரி நீர்மூழ்கிகள் உலவும் கடலில் எந்தக் கப்பல் தலைவரும் நிற்கத் துணிய மாட்டார்.

ஆகவே போர்க்களத்தில் ஒரு விமானத்தை ஏவுவது அதைச் செலவழிப்பதற்குச் சமம். வேலை முடிந்ததும் அது கரைத்தளத்தையோ அமைதியான துறைமுகத்தையோ தேடிப் போகும். 1941 மார்ச் 28 காலை, விட்டோரியோ வெனெட்டோ என்ற இத்தாலியப் போர்க்கப்பலின் ரோ.43 கிரீட் தீவுக்குத் தெற்கே 6.35 மணிக்குப் பிரிட்டிஷ் குரூசர்களைக் கண்டு தகவல் அனுப்பியது. இத்தாலியக் கடற்படையும் பிரிட்டிஷ் கடற்படையும் மோதிய மட்டப்பான் போரின் தொடக்கம் அது. விமானம் தன் கடமையை முழுமையாகச் செய்தது. ஆனால் அதைக் கப்பலில் மீண்டும் ஏற்றி, எண்ணெய் நிரப்பி, அடுத்த உளவுக்கு அனுப்ப முடியாது.

ஏவாமலே வைத்திருந்தாலும் ஆபத்து உண்டு. பெரும் பீரங்கியின் வெடிப்பலை விமானத்தைச் சிதைத்துவிடும். லிட்டோரியோ வகைக் கப்பல்களில் பின்தள விமானங்களுக்கு மேலாகச் சுட வேண்டும் என்பதால் மூன்றாம் பீரங்கிக் கூண்டை உயரத் தூக்கி வைத்தார்கள்.

திரும்ப ஏற்றவே முடியாது என்றால் கனமான மிதவை எதற்கு? இத்தாலியர்களும் அதையே கேட்டிருக்க வேண்டும். 1942 வாக்கில் போர்க்கப்பல்களின் கவண்களில், மிதவையே இல்லாத ரெஜ்ஜானே ரெ.2000 சண்டை விமானங்கள் இடம்பெறத் தொடங்கின. சக்கரங்களோடு வந்தவை, பறந்து முடித்ததும் கரையில் உள்ள விமானத்தளத்துக்குப் போய்ச் சேர வேண்டியவை.