ஷண்ட்டுக்குத் தமிழ்ல என்ன? இணைத்தடம்

சோலார், பேட்டரி வேலை பாக்குறவங்ககிட்ட அடிக்கடி காதுல விழுற சொல்லு ஷண்ட். "நெகட்டிவ் கேபிள்ல ஷண்ட் போட்டாச்சா"ன்னு கேப்பாங்க. கரண்ட்ல பெரும்பங்கு மீட்டருக்குள்ள போகாம வெளியிலயே போயிடறதுக்காக, மீட்டருக்குப் பக்க இணைப்பா வைக்கிற ரொம்பக் கம்மியான மின்தடைதான் அது.

அம்மீட்டரைத் தொடரா இணைக்கணும், வோல்ட்மீட்டரைப் பக்கமா இணைக்கணும்னு ஸ்கூல்லயே படிச்சிருப்போம். ஆனா முள்ளு வச்ச மீட்டர்னா ரெண்டுக்குள்ளயும் இருக்கறது ஒரே கால்வனோமீட்டர்தான் (கொஞ்சூண்டு கரண்ட் போனாலே முள்ளு நகர்ற கருவி), கூட எந்த மின்தடையை எப்படிச் சேக்குறோம்கிறதுலதான் அது அம்மீட்டரா வோல்ட்மீட்டரான்னு முடிவாகுது. ஒரு கால்வனோமீட்டரோட மின்தடை 50 ஓம், 1 மில்லி ஆம்பியர் போனா முள்ளு கடைசி வரைக்கும் போயிடும்னு வச்சுக்குங்க. இதை வச்சு 1 ஆம்பியர் அளக்கணும்னா மிச்சம் 999 மில்லி ஆம்பியருக்கு வேற வழி வேணும், அதுக்கு ஏறக்குறைய 0.05 ஓம்ல ஒரு ஷண்ட்டைப் பக்கத்துல போடணும். அதே கால்வனோமீட்டரோட 9950 ஓமைத் தொடரா சேத்தா 10 வோல்ட் வரைக்கும் காட்டுற வோல்ட்மீட்டர் ரெடி.

ஷண்ட்ங்கிறது பழைய இங்கிலீஷ் சொல்லு, சட்டுனு ஒதுங்குறது, விலகுறதுன்னு அர்த்தம். 1840கள்ல ரயில்வேக்காரங்க, பெட்டிகளை ஒரு லைன்ல இருந்து இன்னொரு லைனுக்குத் திருப்புறதுக்கு இதை எடுத்துக்கிட்டாங்க, நம்ம ஊர் ஜங்ஷன் யார்டுல இன்னைக்கும் ஷண்டிங்னு சொல்றோமே அதேதான். அப்புறம் 1860கள்ல மின்சாரத்துக்கும் வந்துடுச்சு.

தமிழ்நாட்டு பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்துல இதுக்கு இணைத்தட மின்தடைன்னு போட்டிருக்கு. நிறைய பேர் அவசரத்துல இணைத்தடைன்னு படிச்சுடறாங்க, ஆனா தடை வேற தடம் வேற. தடம்னா வழி, பாதை. ரயில் கவுந்தா நாம தடம் புரண்டதுன்னுதான சொல்றோம், அந்தத் தடம்! இங்கிலீஷ் சொல்லு ரயில் பாதையில இருந்து வந்த மாதிரியே தமிழ்ச் சொல்லுக்குள்ளயும் ஒரு பாதை இருக்கு, அதுவும் பக்கத்துலயே இணையா ஓடுற பாதைன்னு இணைப்பு முறையையும் சேத்தே சொல்லிடுது. இதைவிடப் பொருத்தமான சொல்லு கிடைக்காதுன்னுதான் எனக்குத் தோணுது, பாடப் புத்தகத்தோட நிக்காம வயரிங் பண்றவங்க வாய்க்கும் இது வரணும்.

கடையில கிடைக்கிற இணைத்தடத்துல 100 ஆம்பியர் 75 மில்லிவோல்ட்னு பொறிச்சிருக்கும். 100 ஆம்பியர் போறப்ப அதோட ரெண்டு முனைக்கும் நடுவுல 75 மில்லிவோல்ட் வரும்னு அர்த்தம், 50 போனா 37.5. இந்த மில்லிவோல்ட்டை அளந்துதான் மீட்டர் ஆம்பியரைக் காட்டுது. கணக்குப் போட்டா மின்தடை வெறும் 0.75 மில்லி ஓம். இவ்வளவு கம்மியா இருந்தும் முழு கரண்ட்ல 7.5 வாட் சூடாகும், சூட்டுல மின்தடை மாறிட்டா அளவே தப்பாயிடும்ங்கிறதுனாலதான் இதை மாங்கனின்ல செய்றாங்க. செம்பு, மாங்கனீசு, நிக்கல் சேந்த கலவை அது, எட்வர்ட் வெஸ்டன் உருவாக்கினது, சூடானாலும் மின்தடை பெருசா மாறாது.

ரெண்டு பக்கமும் பெரிய போல்ட் ஒண்ணு, சின்ன ஸ்க்ரூ ஒண்ணுன்னு இருக்கும். கேபிள் பெரிய போல்ட்டுக்கு, மீட்டர் ஒயர் சின்ன ஸ்க்ரூவுக்கு. மாத்தி மீட்டர் ஒயரையும் போல்ட்லயே முறுக்கி வச்சா கேபிள் நுனியில இருக்கற லக் (உலோக வளையம்) தொடுற இடத்து மின்தடையும் சேந்து ரீடிங் கூடக் காட்டும்.

மல்டிமீட்டர்ல 10 ஆம்பியர்னு போட்ட ஓட்டைக்கு உள்ளயும் தடிமனா ஒரு கம்பி வளைஞ்சு நிக்கும், அதுவும் இணைத்தடம்தான். சிவப்பு ஒயரை அதுல சொருகி வச்சபடியே மறந்துபோய் பேட்டரி வோல்ட்டேஜ் பாத்தீங்கன்னா நேரா ஷார்ட் சர்க்யூட், சில மீட்டர்ல அந்த வழிக்கு ஃபியூஸ்கூட இருக்காது, கவனமா இருங்க.